ஒரு கோடை விடுமுறை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. எலிகளை வளர்த்து, அவற்றின் மரபணுக்கள் வழியாகப் புற்றுநோய் போன்ற நோய்களை ஆராயும் இடம்.

1950களில் ஒரு கோடை விடுமுறையில் நியூயார்க்கிலிருந்து டேவிட் பால்டிமோர் என்ற பள்ளி மாணவர் அங்கே போனார். விஞ்ஞானிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை முதன்முதலாக நேரில் கண்டார். எலிக்கூண்டு, நுண்ணோக்கி, குறிப்பேடு. பாடப்புத்தகத்தில் விடை தயாராக இருக்கும். ஆய்வகத்தில் அது யாருக்கும் தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பதினேழு வயதில் உணர்வது பெரிய பேறு.

அங்கேதான் ஹோவார்ட் டெமின் என்ற மூத்தவர் அவருக்குப் பழக்கமானார். 1970இல் இருவரும் தனித்தனியே ஒரே நொதியைக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாகும் என்பது தெரிந்ததுதான், ஆர்.என்.ஏ.விலிருந்தும் டி.என்.ஏ.வை உருவாக்க முடியும் என்று இந்த நொதி காட்டியது. 1975இல் மருத்துவ நோபல் பரிசை, ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் இவர்களும் பகிர்ந்துகொண்டார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்களே, அந்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை நடப்பது இந்த வகை நொதியால்தான்.

ஆய்வகம் நடத்தும் பேராசிரியர்களே, விடுமுறையில் ஒரு பள்ளிப் பிள்ளை வந்து கதவைத் தட்டினால், தயவுசெய்து உள்ளே கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கவாவது விடுங்கள்.