வன்முறைத் தடுப்பும் சமூக ஆய்வாளர் பணியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் படித்து எந்தெந்தப் பணிகளுக்குச் செல்லலாம் என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆசிரியர் பணி, காவல் பணி, வங்கிப் பணி ஆகியவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகவே கூறிவிட்டார்கள். ஆகவே, நம்மவர் அதிகம் அறியாத ஒரு பணியைப் பற்றி மட்டும் கூற விழைகின்றேன். அதற்குக் காரணமும் உண்டு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சமூகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அரசுத் துறை ஒன்றில் ஆய்வாளராகத் தேர்வு பெற்று, பணி ஆணையுடன் என் வீட்டுக்கு வந்தார். மோதல் நடந்த ஊர்களுக்கும், நடக்கக்கூடும் என்று அஞ்சப்படும் ஊர்களுக்கும் சென்று விசாரித்து அறிக்கை எழுதுவதே அவருடைய வேலை. இனிப்புப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, அடிபடுகிறவர்கள் நம்மவர்கள். அதை நான் எழுதுவேன். எழுதியது ஒரு பீரோவுக்குள் போய்விடும். இதற்குச் சம்பளம் வாங்குவது சரிதானா?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. "முதலில் காப்பி சாப்பிடு தம்பி" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவர் பணியில் சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்வியோ என்னிடமே தங்கிவிட்டது.

இப்பணியை நமக்கு முன்னே செய்தவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் நிலையை ஆராய 1928-இல் பம்பாய் அரசு ஒரு குழுவை அமைத்தது. அண்ணல் அதில் ஓர் உறுப்பினர். 1929 அக்டோபரில், காந்தேஷ் பகுதியில் ஓர் ஊரில் தீண்டப்படாதார் மீது விதிக்கப்பட்டிருந்த சமூகப் புறக்கணிப்பை, நம் வழக்கில் சொன்னால் ஊர்க்கட்டுப்பாட்டை, விசாரிக்க அவர் சென்றார். திரும்பும் வழியில், ஓரிரவு தங்கிச் செல்லுமாறு சாளிஸ்காவ் மக்கள் அவரை அழைத்தனர். புகைவண்டி நிலையத்தில் நின்ற குதிரை வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. அவரை நடக்க விடவும் அம்மக்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழக்கமில்லாத தம்முள் ஒருவரை ஓட்டச் செய்தனர். ஆற்றின் குறுக்கேயிருந்த பாலத்தில் கற்களுக்கிடையே சக்கரம் சிக்கியது. அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தன. அரசு அமைத்த குழுவின் உறுப்பினர், வெளிநாடுகளில் கற்றுத் தேர்ந்த பாரிஸ்டர்! எந்தக் கொடுமையை விசாரிக்கச் சென்றாரோ, அதுவே அவரைப் புகைவண்டி நிலைய வாயிலில் எதிர்கொண்டது.

அக்குழுவின் அறிக்கை 1930-இல் வெளிவந்தது. பொதுக் கிணறு, பள்ளி முதலியவற்றில் உரிமை வழங்கினாலும், அவ்வுரிமையைக் கையாளப் புகுவோர்க்கு முதல் தடை வெளிப்படையான வன்முறை குறித்த அச்சமே என்று அது கூறிற்று. வேலை மறுப்பதும், பயிரிடும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதும், கடைச் சரக்கு தர மறுப்பதும் ஆயுதங்களாகப் பயன்படுகின்றன என்பதையும் எடுத்துரைத்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் எழுதியது. நம் பக்கத்து ஊரைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது.

வெட்டு விழுந்த பின் வழக்கெழுதுவது காவல் நிலையத்தின் வேலை. விழுவதற்கு முன் அவ்வூரில் என்னென்ன நடந்தன, அடுத்து எந்த ஊரில் அவை நடந்துகொண்டிருக்கின்றன என்று பார்ப்பது ஆய்வாளரின் வேலை. வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. விதிகள் 1995-இல் வந்தன. அவற்றுள் மூன்றாம் விதியை நம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள இடங்களை அரசு முன்னதாகவே கண்டறிய வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்குச் சென்று சட்டம் ஒழுங்கு நிலையை ஆராய வேண்டும். தேவையாயின் துப்பாக்கி உரிமங்களை நீக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

இனி மேலவளவை எண்ணிப் பாருங்கள். மதுரை மாவட்டத்து அவ்வூராட்சியின் தலைவர் பதவி 1996-இல் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு கொடுத்தவர்கள் அச்சுறுத்தலால் விலகினர். சில வீடுகள் தீக்கிரையாயின. மீண்டும் தேர்தல் வைத்தபோது வாக்குச்சாவடியில் புகுந்து பெட்டிகளைத் தூக்கிச் சென்றனர். அதற்குப் பின்னரே முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், அவரும் உடன் வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். விதிகள் வந்து அதற்குள் இரண்டாண்டுகள் கடந்திருந்தன! தேர்தல் நின்றது ஒரு கோப்பில் இருந்திருக்கும். தீ வைப்பு வேறொரு கோப்பில். மனு மற்றொரு அலுவலகத்தில். இவை மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் படிப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா?

மற்றொன்றும் உண்டு. அரசின் புள்ளிவிவரம் பதிவான வழக்குகளைக் கொண்டே அமைகிறது. ஒரு வழக்கும் பதிவாகாத ஊர் அமைதியான ஊர் என்று பட்டியலில் ஏறிவிடும். புகார் கொடுத்தால் மறுநாள் முதல் களத்தில் வேலை இல்லை என்று அஞ்சி வாய் திறவாத ஊரும் அப்பட்டியலில்தான் இருக்கும். பட்டணத்திலிருந்து வரும் படித்தவர் அந்த அமைதியைக் கண்டு மகிழ்ந்து திரும்பக்கூடும். நம் தெருவில் பிறந்தவருக்கு அதன் பொருள் தெரியும்.

இப்பணியில் இடர் இல்லை என்று நான் கூற மாட்டேன். அமெரிக்காவில் 1967-இல் நகரங்கள் பலவற்றில் கலவரங்கள் மூண்டபோது, குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த ஆணையத்தில் சமூக அறிவியலாளர் சிலர் பணியாற்றினர். வெள்ளை நிறவெறியே வேர் என்று அவர்கள் எழுதிய முதல் வரைவு மேலிடத்தாரால் தள்ளப்பட்டது. அவர்களும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். அந்த வரைவு நூலாக வெளிவந்தது 2018-இல்! நம் நாட்டில் இளையபெருமாள் குழு 1969-இல் அறிக்கை தந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது 1976-இல். அறிக்கை பீரோவில் தூங்கும் என்று அத்தம்பி சொன்னது பொய்யன்று. ஆயினும் எழுதி வைக்கப்பட்டதனால்தான் என்றேனும் ஒருவர் அதை வெளியே எடுக்க முடிந்தது.

பின்னர் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அலுவலகத்தில், "இவர் தம் சாதிக்காக எழுதுகிறார்" என்பார்கள்; நம் தெருவிலோ, "அரசாங்கத்து ஆள்" என்பார்கள்; இரண்டுக்கும் ஆயத்தமாக இரு என்றேன். "கொடிய", "காட்டுமிராண்டித்தனமான" என்னும் அடைமொழிகளை மேடைக்கு விட்டுவிடு. நாள், நேரம், இடம், கூலி எவ்வளவு, கிணறு எத்தனை அடி தொலைவு என்பவற்றை எழுது. எதிர்த்தெருவில் கூறுவதையும் விடாமல் எழுது என்றேன். ஆண்கள் கூடிப் பேசும் இடத்தில் கேட்பதோடு நில்லாமல், குழாயடியில் பெண்கள் சொல்வதையும் கேள் என்றேன். செய்தி சொன்னவரின் பெயரை மட்டும் அறிக்கையில் எழுதாதே. அது எந்தெந்த மேசைக்குப் போகும் என்பது உனக்குத் தெரியாது என்றேன்.

இவ்வளவும் எழுதிய பின், இதுவரை எவரிடமும் கூறாத ஒன்றையும் எழுதினேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருந்தேன். தேர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமற்போயினர். அறுவடைக் காலமும் அன்று, காய்ச்சலும் இல்லை. நாள்தோறும் பதிவேட்டில் "வரவில்லை" என்று குறித்து வந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன் என்பதே உண்மை. எனக்கு வீடு வாடகைக்குத் தந்தவர் ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். என் சாதியை அவர் அறிய மாட்டார். பத்து நாட்களில் என் வகுப்பில் பாதி இடம் காலியாயிற்று. பதினோராம் நாள் இரவு காலனிக் கூரைகள் எரிந்தன. நடக்கப்போவதை உணர்ந்த தாய்மார்கள் பிள்ளைகளை உறவினர் ஊர்களுக்கு அனுப்பிவிட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நன்கு படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி அதன் பின் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஊரின் ஆபத்து முழுவதும் நாள்வாரியாக என் கையெழுத்திலேயே அப்பதிவேட்டில் இருந்தது.

சென்ற வாரம் அத்தம்பியிடமிருந்து பதில் வந்தது. நலம் விசாரித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "ஐயா, அந்த ஆண்டின் வருகைப் பதிவேடு இன்னும் அப்பள்ளியில் இருக்குமா? மற்ற ஊர்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்." அப்பள்ளியின் இன்றைய தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கின்றேன். வரும் திங்கட்கிழமை நேரிலும் செல்ல இருக்கின்றேன்.