மூன்று உறுப்பு, மூன்று கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 பின்வரிசையில் தயங்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று சார்கள் எழுந்து போக வேண்டாம். இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

பெண்களுக்கு வரும் புற்றுநோய் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். படித்தும், டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நாம் எல்லாவற்றையும் சேர்த்து "கர்ப்பப்பை கேன்சர்" என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை மூன்று தனி நோய்கள். கர்ப்பப்பையின் வாயில் வருவது ஒன்று. கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது இன்னொன்று. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சினைப்பையில் வருவது மூன்றாவது. மூன்றும் ஒரு சாண் இடத்துக்குள் இருந்தாலும் காரணம் வேறு, அறிகுறி வேறு, தடுக்கும் வழியும் வேறு. ஒன்றுக்கு எடுத்த பரிசோதனை மற்றதற்குச் செல்லாது. இன்று நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருப்பை வாய்ப் புற்றுநோய். 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் மூன்றில் மிக எளிதாகத் தடுக்கக்கூடியது இதுதான். ஏறக்குறைய எல்லோருக்கும் இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவின் வழியாகத் தொற்றுவது. மணமான பெண்களில் மிகப் பலருக்கு என்றாவது ஒருநாள் இந்தத் தொற்று வந்திருக்கும். பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆகவே இதில் வெட்கப்படவோ, யாருடைய ஒழுக்கத்தையும் சந்தேகப்படவோ ஒன்றுமில்லை. போகாமல் தங்கிவிட்ட தொற்றுதான் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றாக மாறுகிறது. புகை பிடிப்பதும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதும் அந்த வேகத்தைக் கூட்டும்.

அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டு நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் பார்த்துவிட்டால், புற்றாக மாறும் முன்பே அந்த இடத்தை அகற்றிவிடலாம். இதை நிரூபித்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டம், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்குள்ள மருத்துவமனையை மையமாக வைத்து, 2000-ஆம் ஆண்டிலிருந்து 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. பயிற்சி பெற்ற நர்ஸ், நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் கொடுத்தார்கள். சுமார் 31,000 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. ஒரே ஒருமுறை பார்த்ததற்கு இந்தப் பலன்.

தமிழ்நாடு அரசு இந்தப் பரிசோதனையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். தனியாரிடம் போனால் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனை செய்வார்கள். 30 வயதிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தது. நம் வயதுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் வினிகர் முறை அவ்வளவாக உதவாது. பாப் ஸ்மியரோ எச்.பி.வி. பரிசோதனையோ கேளுங்கள். "எனக்கு 60 ஆகிவிட்டது, இனி எதற்கு" என்பவர்கள், இதுவரை ஒருமுறைகூட எடுக்காதவர்களாக இருந்தால், கட்டாயம் ஒருமுறை எடுங்கள்.

பேத்திகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டிலேயே சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 2023-இல் அறிமுகமானது. 9 முதல் 14 வயது வரை இரண்டு தவணை, 15 முதல் 26 வயது வரை மூன்று தவணை. வைரஸ் தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் பள்ளிக்கூட வயதிலேயே போடச் சொல்கிறார்கள். ஊசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை உண்டு.

இரண்டாவது, கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருவது. உடல் பருமன் இதற்கு மிகப் பெரிய காரணம். கொழுப்புத் திசுவிலும் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிறது. அது உள்சுவரைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை நோய், பி.சி.ஓ.எஸ்., மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு சாப்பிடும் டாமாக்சிஃபென் மாத்திரை ஆகியவையும் இந்த அபாயத்தைக் கூட்டும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அதன் நன்மை பெரிது. மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் காலையில் நடப்பவர்களைப் பார்க்கிறேன். சர்க்கரைக்காக நடக்கிறோம் என்கிறார்கள். இதற்கும் சேர்த்துத்தான் நடக்கிறார்கள்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த நோய்க்கென்று பரிசோதனை தேவையில்லை. ஏனென்றால் இது பெரும்பாலும் முன்கூட்டியே குரல் கொடுத்துவிடும். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், லேசான கறை பட்டாலும், டாக்டரிடம் போக வேண்டும். "உஷ்ணம்", "மறுபடியும் வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அப்படி வரும் பலருக்குக் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

மூன்றாவது, சினைப்பைப் புற்றுநோய். இங்கேதான் கணக்கு மாறுகிறது. 2022-இல் இந்தியாவில் சுமார் 47,000 பேருக்கு வந்தது. ஏறத்தாழ 33,000 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை குறைவு, இறப்பு விகிதம் அதிகம். சினைப்பை வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது, வலிப்பதில்லை. பெரும்பாலோருக்கு நோய் வயிற்றில் பரவிய பிறகுதான் தெரிகிறது.

இதற்கும் ஒரு பரிசோதனை இருக்கக் கூடாதா என்று உலகம் முழுக்கத் தேடினார்கள். நம் வாட்ஸப் குழுவில் சுற்றிய லேப் பேக்கேஜில் சி.ஏ. 125 என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருந்ததே, அதைத்தான் சோதித்தார்கள். அமெரிக்காவில் சுமார் 39,000 பெண்களுக்கு ஆண்டுதோறும் அந்த இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். 2011-இல் முடிவு வந்தது: இறப்பு குறையவில்லை. ஆனால் 3,285 பேருக்கு நோய் இல்லாமலே "இருக்கலாம்" என்று வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதில் 163 பேருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடந்த இன்னும் பெரிய ஆய்வும், 2021-இல், இறப்பு குறையவில்லை என்றே சொன்னது.

காரணம் இதுதான். மாதவிடாய், கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் என்று பலவற்றிலும் இந்த சி.ஏ. 125 ஏறும். உண்மையான நோயின் ஆரம்பத்திலோ பாதிப் பேருக்கு ஏறாமலே இருக்கும். அறிகுறி உள்ளவருக்கும், சிகிச்சையில் உள்ளவருக்கும் டாக்டர் சொல்லி எடுப்பது வேறு. அங்கே அது பயன்படும். ஒரு தொந்தரவும் இல்லாதவர் பேக்கேஜில் எடுத்தால், நார்மல் என்று வந்தால் பொய் நிம்மதி, கூடுதல் என்று வந்தால் பெரும்பாலும் வீண் பீதி. அந்தப் பேக்கேஜை நம் வளாகத்துக்கு வரவழைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, உடம்பைக் கவனிப்பது. வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது. இந்த நான்கும் எல்லோருக்கும் எப்போதாவது வரும். ஆனால் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால், முக்கியமாக 50 வயதைத் தாண்டியவருக்கு, மகப்பேறு டாக்டரிடம் காட்டி ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் பெரியம்மா மகளுக்கு 58 வயதில் இப்படித்தான் தொடங்கியது. புடவைக் கொசுவம் இறுக்குகிறது என்றார். ஓமத் தண்ணீர், வாயு மாத்திரை என்று ஐந்து மாதம் போயிற்று. ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. அதன்பின் இரண்டு ஆண்டு இருந்தார். மாதத்தில் எத்தனை நாள் என்று காலண்டரில் ஒரு புள்ளி வைத்து வந்தால் போதும். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

தாமதமாகத் தெரிந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. "பம்பாய்" படத்தில் நடித்த மனீஷா கொய்ராலாவுக்கு 2012-இல் இந்த நோய் முற்றிய நிலையில்தான் தெரியவந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் எடுத்து, மீண்டு வந்து, மறுபடி நடித்தார்.

இரண்டாவது வேலை, குடும்பக் கணக்கு. குழந்தைப் பேறு, தாய்ப்பால் ஊட்டியது, கருத்தடை மாத்திரை, நம்மில் பலர் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், இவையெல்லாம் இந்த அபாயத்தை ஓரளவு குறைப்பவை. வயது, எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நின்றபின் நீண்ட காலம் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை ஆகியவை கூட்டுபவை. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிது பரம்பரை. பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவில் பழுது உள்ள நூறு பெண்களில் 40 பேருக்காவது வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடும். பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் அதைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோயும் அதே பழுதால் வரும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். அப்பா வழியை நாம் விட்டுவிடுகிறோம். அத்தைக்கு வந்த பழுது அப்பா மூலமாகவும் மகளுக்கு வரும். சினைப்பை, இளம் வயது மார்பகம், பெருங்குடல் என்று ஒரே வழியில் இரண்டு மூன்று பேர் இருந்தால், புற்றுநோய் மருத்துவமனையில் மரபணு ஆலோசனை கேளுங்கள். நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குத்தான் பரிசோதனை செய்வார்கள். பழுது இருப்பது உறுதியானால், பிள்ளைப்பேறு முடிந்த பிறகு சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றிவிட்டால் அபாயம் வெகுவாகக் குறையும். சிரமமான முடிவுதான். ஆனால் பேசாமல் மறைத்தால், பெண் பிள்ளைகளுக்கு அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே கிடைக்காது. "கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று ஒளித்த நோய்களின் விலையை அடுத்த தலைமுறைதான் கட்டுகிறது.

இன்னொரு கேள்வி, பலர் கேட்டது: "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சே, நான் ஏன் கவலைப்படணும்?" பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைப்பது உண்டு. சில சமயம் கருப்பை வாயையும் விட்டிருப்பார்கள். எது மிச்சம் இருக்கிறதோ அதன் கணக்கு இன்னும் முடியவில்லை. புரியாவிட்டால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

சிகிச்சைக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்தது. உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசின் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கருப்பை வாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குவது பரிசோதனைக்கே போக வாய்ப்பில்லாத பெண்களை. அவர்களில் பலர் காலை ஆறரைக்கு நம் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். பரிசோதனை இலவசம்தான், ஆனால் நான்கு வீட்டில் லீவு சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு தளத்திலும் பேசி, ஒரு நாள் காலை, சம்பளம் பிடிக்காமல், அவர்களைச் சேர்த்து அனுப்பி வையுங்கள். கூடவே நம்மில் இதுவரை எடுக்காதவர்களும் போகலாம். பெயர் கொடுப்பவர்களுக்காக நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்.