கரிக்கும் தேநீர்



காஸாவில் நிகழ்ந்த யுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, ராஜாங்க விவகாரங்களில் தேர்ச்சி இல்லாத நான் முதலில் தயங்கினேன். ஆயினும் வளைகுடா நாடுகளில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் இருபத்தாறு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில், அந்த மண்ணின் தண்ணீரைப் பற்றியாவது உண்மையாக நாலு வார்த்தை சொல்லலாம் என்ற எண்ணத்தில் ஒப்புக்கொண்டேன்.

என்னோடு இரவு ஷிப்டில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் காஸாவின் கான் யூனிஸ் ஊர்க்காரர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். என்னைவிட வயதில் மூத்தவராக இருந்தும் என்னை அவர் 'யா முஹந்திஸ்' என்றே கூப்பிடுவார். பொறியாளரை அரபு மக்கள் மரியாதையாக அழைக்கும் விதம் அது. இரவு இரண்டு மணிக்கு, எங்கள் நிலையத்தில் அப்போதுதான் வடிந்த தண்ணீரிலேயே தேநீர் போட்டுக் குடிப்போம். ஒரு நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் ஏதோ ஒன்று குறைகிறது, எங்கள் வீட்டுத் தேநீர் கரிக்கும்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குழாயில் வரும் தண்ணீர் உப்பு என்பதால் சர்க்கரையை அள்ளிப் போட்டுப் புதினாவையும் கிள்ளிப் போட்டு அந்தக் கரிப்பை மறைக்க அவருடைய தாயார் படும் பாட்டையும், விருந்தாளி வந்துவிட்டால் லாரிக்காரனிடம் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைப்பதையும் அவர் நிதானமாகச் சொன்னார். அன்று முதல், காஸா என்ற பெயரைக் கேட்டால் என் நாக்கில் முதலில் தட்டுப்படுவது அந்த உப்புத்தான்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காஸா என்பது மத்தியதரைக் கடலோரமாகச் சுமார் 41 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு மணற்பட்டை. மொத்தப் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். யுத்தம் தொடங்கிய 2023-ஆம் ஆண்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வசித்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் 1948-இல் வீடு வாசலை இழந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியாரும். வற்றாத ஆறு கிடையாது, ஏரி கிடையாது; மணலுக்கு அடியில் ஊறும் நிலத்தடி நீர்தான் முக்கிய ஜீவாதாரம். மழை எவ்வளவு ஊறவைக்கிறதோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கை ஆண்டுதோறும் இறைத்ததால், வெற்றிடத்தைக் கண்ட கடல் மெல்ல உள்ளே நுழைந்தது. போதாக்குறைக்குக் கழிவுநீரும் உரத்தின் நைட்ரேட்டும் மேலிருந்து இறங்கின. யுத்தத்துக்கு முன்பே அந்த நிலத்தடி நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் குடிக்கத் தகுதியற்றது என்று ஐக்கிய நாட்டு அமைப்புகள் சொல்லிவிட்டன. 2007 முதல் இஸ்ரேலும் எகிப்தும் விதித்திருந்த முற்றுகையில் பம்புகளும் உலோகக் குழாய்களும் சில ரசாயனங்களும் ராக்கெட் செய்ய உதவும் பொருள்கள் என்ற காரணத்தைக் காட்டிக் கட்டுப்படுத்தப்பட்டதால், பழுதுபார்ப்பதுகூடப் பெரும்பாடாக இருந்தது.

ஆகவே அவர்களுக்கு மிஞ்சியது கடல். இங்கே கொஞ்சம் நின்று பேச எனக்கு அனுமதி தாருங்கள். என் ஆயுளில் பாதி இதில்தான் போயிற்று. காகிதம்போல் மெல்லிய ஒரு சவ்வின் ஒரு பக்கம் கடல்நீரை நிறுத்தி, மோட்டார் கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு அழுத்தத்தோடு அதைத் தள்ளினால், உப்பு இந்தப் பக்கமே தங்கிவிட, நன்னீர் மறுபக்கம் சொட்டுச் சொட்டாக வடிந்து சேர்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் பார்த்தும் அந்த முதல் சொட்டு எனக்கு அலுத்ததில்லை. ஆனால் அந்தச் சொட்டுக்கு ஒரு விலை உண்டு: ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் தண்ணீர் நின்றது என்று அர்த்தம். ஒருமுறை எங்கள் நிலையத்தில் நாற்பது நிமிஷம் மின்சாரம் போயிற்று. ராப்பகலாக இரைந்துகொண்டிருந்த பம்புகள் ஓய்ந்தபோது அந்தக் கூடத்தில் பரவிய நிசப்தம் எப்படிப்பட்டது என்றால், தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் அந்த நிசப்தத்தாலேயே விழித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். சவ்வுகளைக் கழுவாமல் நாள்கணக்கில் போட்டுவைத்தால் அவற்றில் கிருமி படர்ந்து அடைத்துவிடும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

காஸாவில் அந்த நிசப்தம் நாற்பது நிமிஷத்தோடு முடியவில்லை.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி காலை ஹமாஸ் இயக்கத்தாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் எல்லையைத் தாண்டி இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். 251 பேரைப் பிணைக்கைதிகளாக இழுத்துச் சென்றார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாத பிரஜைகள். வீட்டில் தூங்கியவர்கள், இசை விழாவில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள். பெஏரி என்ற கிராமத்தில் அன்று உயிரிழந்த விவியன் சில்வர் என்ற மூதாட்டி, காஸாவின் நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு வண்டியில் அழைத்துச் செல்லும் தொண்டர்களில் ஒருவராக இருந்தவர். அந்தக் காலையை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது நேர்மையாகாது.

இரண்டு நாள் கழித்து, மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை என்று முழு முற்றுகையை இஸ்ரேலின் பாதுகாப்பு மந்திரி பிரகடனம் செய்தார். இஸ்ரேலிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய்களும் அடைபட்டன. அக்டோபர் 11-ஆம் தேதி காஸாவின் ஒரே மின் உற்பத்தி நிலையம் எரிபொருள் தீர்ந்து நின்றது. கிணற்றுப் பம்பு, கடல்நீர் நிலையம், கழிவுநீர் நிலையம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்று கேட்டால், நேயர்களே, உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவசர காலத்தில் ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 15 லிட்டராவது வேண்டும் என்பது உலகமெங்கும் நிவாரணப் பணியாளர்கள் கொள்ளும் அளவு. 2023 டிசம்பரில், புதிதாக இடம்பெயர்ந்து தெற்கே வந்த குழந்தைகளுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர்தான் கிடைத்தது என்று யூனிசெஃப் தெரிவித்தது. குடிக்க, சமைக்க, கைகால் கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்த என் நண்பர் மறு மாதம், அல்-மவாசி மணல்வெளியில் போட்ட ஒரு கூடாரத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். அழுகையும் புலம்பலும் அதில் இல்லை. பொறியாளர் அல்லவா, கணக்குத்தான் இருந்தது. ஒன்பது பேருக்கு இன்று ஒரு கேன், இருபது லிட்டர். குடிக்கப் பன்னிரண்டு, சமைக்க நான்கு, பேரக்குழந்தையின் பால் புட்டிக்கும் அதைக் கழுவுவதற்கும் இரண்டு, மிச்சம் இரண்டு அம்மாவுக்கு. அதற்குக் கீழே, "யா முஹந்திஸ், கணக்குச் சரிதானே?" என்று ஒரு வரி. நான் பலமுறை கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் அதில் இடமே இல்லை என்பதை நான் எழுதவில்லை. அது அவருக்குத் தெரியாதா என்ன?

தண்ணீர் லாரி வரும் இடத்தில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். பெரியவர்கள் ரொட்டிக்கோ விறகுக்கோ போயிருப்பார்கள். எட்டு வயதுப் பையன் மஞ்சள் கேனை இரு கையாலும் தூக்க முடியாமல் மணலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். 2025 ஜூலை 13-ஆம் தேதி நுசைராத் முகாமில் அப்படிப்பட்ட ஒரு வரிசை அருகே குண்டு விழுந்து, குழந்தைகள் பலர் உள்பட ஏறக்குறைய பத்துப் பேர் மாண்டார்கள். ஒரு போராளியைக் குறிவைத்ததாகவும், தொழில்நுட்பக் கோளாற்றால் குண்டு குறி தவறியதாகவும் இஸ்ரேலிய ராணுவம் கூறியது. காலிக் கேன்கள் ரத்தத்தோடு சிதறிக் கிடந்தன.

எனக்குக் கொடுத்த நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பசியைப் பற்றி விரிவாகச் சொல்ல இடமில்லை. 2025 மார்ச் 2-ஆம் தேதி முதல் இரண்டரை மாதத்துக்கும் மேலாக நிவாரணப் பொருள் எதுவும் உள்ளே போகவில்லை என்பதையும், அந்த ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐக்கிய நாட்டு ஆதரவு பெற்ற நிபுணர் குழு உறுதி செய்ததையும், இஸ்ரேல் அந்த முடிவை மறுத்ததையும் சொல்லி மேலே போகிறேன். ஏனென்றால், அதே மார்ச்சில் என் தொழிலைச் சேர்ந்த ஒரு காரியம் நடந்தது. டெய்ர் அல்-பலாவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் யூனிசெஃப் கட்டிய கடல்நீர் நிலையம், யுத்தத்தில் ஓராண்டுக்கு மேல் அரைகுறையாக இயங்கி, 2024 நவம்பரில்தான் மறுபடி மின் இணைப்புப் பெற்றிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 18,000 கனமீட்டர் தரத் தொடங்கியிருந்த அந்த நிலையத்துக்கு 2025 மார்ச்சில் இஸ்ரேல் மின்சாரத்தைத் துண்டித்ததும், உற்பத்தி ஏழில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. சவ்வும் பம்பும் பழுதின்றி இருக்க, அவற்றை இயக்கத் தெரிந்த மனிதர்களும் பக்கத்தில் நிற்க, ஒரு சுவிட்சு மட்டும் இல்லாமல் லட்சக்கணக்கான ஜனங்கள் தவித்த அந்த நாள்களை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் கெடுகிறது.

சுத்த நீர் நின்றால் அசுத்த நீர் ஆளத் தொடங்கும். கான் யூனிஸிலும் டெய்ர் அல்-பலாவிலும் எடுத்த கழிவுநீரில் இளம்பிள்ளை வாதக் கிருமி இருப்பது 2024 ஜூலையில் தெரியவந்தது; அடுத்த மாதமே பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் விழுந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே காணாத நோய் அது. செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சில மணி நேரம் சண்டையை நிறுத்தி, ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரு தரப்பாரும் மனம் வைத்தால் துப்பாக்கி ஓயும் என்பதற்கு அதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள அஷ்கெலான் நகரின் கடல்நீர் நிலையமே 2016-இல், காஸாவிலிருந்து கடலில் கலந்த கழிவுநீரால் சில வேளை மூடப்பட நேர்ந்தது. அதை நடத்தும் இஸ்ரேலியப் பொறியாளரும் டெய்ர் அல்-பலா நிலையத்துப் பொறியாளரும் ஒரே கடலிலிருந்துதான் நீர் எடுத்தார்கள்.

குடிநீர் நிலையங்களைத் தாக்கவோ பயனற்றவையாக்கவோ கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்த்த ஒப்பந்தம் விதிக்கிறது. அதில் இஸ்ரேல் சேரவில்லையாயினும், வழக்கத்தாலேயே எல்லாத் தேசங்களையும் கட்டும் நெறி அது என்பது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் கருத்து. பிணைக்கைதி பிடிக்கக் கூடாது என்பது 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விதி. இரண்டு விதிகளும் ஆயுதமில்லாத மனிதனுக்காக எழுதப்பட்டவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மீறுவதற்கு எந்தத் தரப்புக்கும் உரிமை கிடையாது.

2024 அக்டோபர் 19-ஆம் தேதி, கான் யூனிஸுக்குக் கிழக்கே குஸாஆ என்ற இடத்தில், உடைந்த குழாய் அமைப்பைச் சீர்செய்யப் புறப்பட்ட தண்ணீர்த் துறைப் பொறியாளர்களும் பணியாளர்களுமாக நால்வர், போகும் வழியிலேயே இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போவது முன்கூட்டியே இஸ்ரேலிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது என்றும், வாகனத்தில் அடையாளம் தெளிவாக இருந்தது என்றும் அவர்களோடு சேர்ந்து பணிபுரிந்த ஆக்ஸ்ஃபாம் அமைப்பு கூறியது. நானும் நடு இரவில் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு அப்படிப் பலமுறை புறப்பட்டவன். என் மனைவி வாசல்வரை வந்து, பார்த்துப் போங்கள் என்பாள். பாம்பு பூச்சிக்காக அவள் சொன்ன வார்த்தை அது.

2025 அக்டோபர் 10-ஆம் தேதி சண்டை நிறுத்தம் அமலுக்கு வந்தபோது, காஸாவின் சுகாதார அமைச்சகம் எண்ணிய மரணங்கள் 67,000-ஐத் தாண்டியிருந்தன; போராளிகளைத் தனியே பிரித்துக் காட்டாத அந்தக் கணக்கில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் பாதிக்கு மேல். சில நாள்களில் உயிரோடு எஞ்சியிருந்த பிணைக்கைதிகள் இருபது பேரும் வீடு திரும்பினார்கள். குழாய்கள் இன்னும் திரும்பவில்லை. சவ்வு, குளோரின், பம்பு உதிரிகள், டீசல் ஆகியவை தடையின்றி உள்ளே போக வேண்டும். குழாயைச் சீர்செய்யப் போகிற வண்டி எந்தப் பக்கத்துச் சிப்பாயின் கண்ணில் பட்டாலும் அதைப் போகவிட வேண்டும், திரும்பி வரவும் விட வேண்டும். அதிகாரம் உள்ளவர் யாராயினும் அவர்களிடம் ஒரு தண்ணீர்க்காரன் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது.