மரத்துக்குக் கண்ட வழி

(மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சி குறித்துப் புலாவ் செபாங்கில் நடைபெற்ற கருத்தரங்கின் தலைமை உரை)



மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் புலாவ் செபாங் எதற்கு என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். நம்முடைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு ஊர்களின் பெயர் சேர்ந்து நிற்கிறது. ஒன்று மலாக்கா, மற்றது நெகிரி செம்பிலான். இந்த எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், நமக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தவை இந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சியின் முதல் பாடங்கள். அவற்றைத் தலைநகரில் பேசுவதைவிட இங்கே பேசுவதுதான் பொருத்தம் என்று நான் நினைத்தேன்.

சோற்றிலிருந்து தொடங்குகிறேன். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அதே மழையில், அதே வெயிலில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்டு பிராடன் இதைக் கவனித்தார். நம்மவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. சுரங்கத் தொழிலாளர்கள் உண்டது தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசி. வேறுபாடு சோற்றுப் பானையில் இருக்கிறது என்று சொல்லி 1907-இல் அவர் ஒரு நூலே எழுதினார். தீட்டிய அரிசி நாள்பட்டால் அதில் நஞ்சு ஊறுகிறது என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் பார்க்க வேண்டிய இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் இன்னொரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி உண்டவர்களிடையே நோய் பரவிப் பலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினார்கள். அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. அவர்கள் பெயர் தெரியாவிட்டாலும், இந்தக் கருத்தரங்கு அவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். பிறகு ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் உட்பகுதியில், டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் சாலை போட வந்திருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதே ஆய்வைத் திருத்தமாகச் செய்து, குறைபடும் பொருள் இருப்பது தீட்டி எறியப்பட்ட தவிட்டில் என்பதை 1909-இல் நிலைநாட்டினார்கள். பிற்காலத்தில் வைட்டமின் என்று உலகம் பெயரிட்ட பொருளை நோக்கிய பாதையில் அது பெரிய அடி. நம் பாட்டிமார் அண்டாவில் அவித்து வெயிலில் காயப்போட்ட நெல்லுக்கு அதில் பங்கு உண்டு.

ஃபிரேசரும் ஸ்டாண்டனும் வேலை பார்த்த இடம் கோலாலம்பூரில் 1900-இல் அரசு தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நாம் இன்றும் ஐ.எம்.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். அங்கே ஒருவர் வந்தார், ஒரு நோயை முடித்தார், போனார் என்றில்லை. பெரிபெரியில் பழகிய கைகள் மெலியோய்டோசிஸ் என்னும் மண்கிருமி நோய்க்குப் போயின. செம்பனைத் தோட்டங்களில் ஆட்களைச் சாய்த்த உண்ணிக் காய்ச்சலுக்குப் போயின. அந்தக் காய்ச்சலை லூத்வெயிட் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் சவூர் என்ற இந்தியர். ஜப்பானின் சுட்சுகாமுஷி நோயும் இந்நாட்டின் தோட்டக் காய்ச்சலும் ஒன்றே என்று காட்டியது இவர்கள் உழைப்பு. 1948-இல் குளோராம்பெனிக்கால் என்ற மருந்து அந்தக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று உலகுக்குத் தெரிந்ததும் ஐ.எம்.ஆரில்தான்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1947-இல், கிள்ளானைச் சேர்ந்த லிம் பூ லியாட் என்ற இளைஞர் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். கையில் பட்டம் இல்லை. எலியைப் பிடிப்பது, உண்ணியைப் பொறுக்குவது, தோலை உரித்துப் பதப்படுத்துவது, பெயர் எழுதி ஒட்டுவது அவர் வேலை. நிலையம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது, மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், காடு மீதியைக் கற்பித்தது. பின்னாளில் அபர்டீனில் முதுகலையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்று, இந்தப் பகுதியின் பாலூட்டிகளைப் பற்றி உலகமே கேட்டறியும் அறிஞரானார். 2013-இல் மெர்டேக்கா விருது அவருக்குக் கிடைத்தது. நிறுவனம் வழியாகப் பயிற்சி என்று நாம் நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கிறோமே, அதற்கு இவரைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 1960-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பன்னாட்டு உடல்நல ஆராய்ச்சிக்காக ஒரு சட்டம் இயற்றியது. அதையொட்டி அந்நாட்டு அரசின் தேசிய உடல்நலக் கழகங்கள் ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்து, வெப்ப மண்டல நாடுகளில் ஐந்து மையங்களை நடத்தச் சொன்னன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்கத்தாவுக்குப் போனது. மேரிலாந்து லாகூருக்கு, டுலேன் கொலம்பியாவின் காலிக்கு, லூசியானா கோஸ்டா ரிக்காவுக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் வந்தது கோலாலம்பூருக்கு, நம் ஐ.எம்.ஆருக்கு. அந்த மையங்களின் பெயரிலேயே ஆராய்ச்சி, பயிற்சி என்ற இரண்டு சொற்களும் இணையாக இருந்தன. ஒட்டுண்ணிகளையும் கொசுக்களையும் எலிகளையும் பற்றி அங்கிருந்து வந்த கட்டுரைகள் ஏராளம். அந்தக் காலத்தில்தான் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து இளைஞர்கள் ஐ.எம்.ஆருக்கு வந்து ஒட்டுண்ணியியலிலும் பூச்சியியலிலும் பட்டயம் பெறும் வழக்கமும் வேரூன்றியது.

அமெரிக்கர்கள் தம் நாட்டுக்குள்ளும் அதே முறையைத்தான் வைத்திருந்தார்கள். 1973-இல் பயிற்சி மானியங்களைப் படிப்படியாக நிறுத்திவிட நிக்சன் அரசு முனைந்தது. பல்கலைக்கழகங்கள் கொதித்தெழுந்தன. மறு ஆண்டே நாடாளுமன்றம் தேசிய ஆராய்ச்சிச் சட்டத்தைக் கொண்டுவந்து அந்த மானியங்களுக்குச் சட்டக் காவல் கொடுத்தது. நாட்டுக்கு எந்தத் துறையில் எத்தனை ஆய்வாளர்கள் தேவை என்று தேசிய அறிவியல் கழகம் அவ்வப்போது ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் கட்டளை. பணம் நிறுவனத்துக்குப் போகும். மாணவரைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம், மாதப்படி கொடுப்பது நிறுவனம், பயிற்சி எப்படி நடந்தது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குச் சொல்ல வேண்டியதும் நிறுவனம். ஒரு பேராசிரியரின் தனித் திட்டம் முடிந்துவிட்டால் மாணவர் தெருவுக்கு வரமாட்டார். 2025-இல் பின்தங்கிய சமூகங்களின் மாணவர்களுக்கென்று இருந்த பல பயிற்சித் திட்டங்களை அமெரிக்க அரசு வெட்டியது. சட்டம் இருந்தும் இந்த நிலை என்றால், சட்டமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

இப்படிப் பயிற்சி கொடுப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் சுங்கை நிப்பா. இதுவும் நெகிரி செம்பிலான்தான். 1998 கடைசியில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக் காய்ச்சல், பன்றிகளை ஏற்றிய லாரிகளோடு சுங்கை நிப்பா இருக்கும் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்கு இறங்கி வந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் லாம் சாய் கிட்டின் துறையில், சுவா காவ் பிங் என்ற மருத்துவர் அப்போது வைரஸ் இயலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1999 மார்ச்சில் சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரை அவர் வளர்ப்புச் செல்களில் விட்டுப் பார்த்தபோது, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரும் திரளாயின. ஜப்பானியக் காய்ச்சலின் வைரஸ் அப்படிச் செய்யாது. மாதிரிகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று சோதித்தபோது உலகம் அறியாத ஒரு வைரஸ் அது என்று தெரிந்தது. அதன் பிறகுதான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு நோய் அடங்கியது. அதற்குள் 265 பேரைப் பிடித்து 105 உயிர்களைக் குடித்திருந்தது. ஒரு பயிற்சியாளரும், அவருக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரும், பரிசோதிக்க ஓர் ஆய்வுக்கூடமும் அந்த மாதத்தில் அங்கே தயாராக இருந்ததால் கணக்கு அந்த மட்டில் நின்றது. நோய் வந்தபிறகு பணம் ஒதுக்கி அப்படி ஒருவரை உருவாக்க முடியாது. பத்தாண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்று நிலை என்ன? 2011-இல் மேற்படிப்புக்கு அரசு உதவும் மைபிரெய்ன்15 திட்டம் வந்தது. 60,000 முனைவர்கள் என்பது இலக்கு. நம் பிள்ளைகள் பலர் அதனால் படித்தார்கள், நன்றியோடு சொல்கிறேன். பிறகு புதிய சேர்க்கை நின்றது. சில ஆண்டுகள் கழித்து மைபிரெய்ன் 2.0 என்று திரும்பி வந்தது. இடையில் விழுந்த ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் எங்கே போனார்கள்? ஆராய்ச்சிக்காக நாடு செலவிடும் பணம் 2020-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அந்தப் பணத்திலும் ஆய்வு மாணவரின் மாதப்படி பெரும்பாலும் பேராசிரியர் வாங்கிய இரண்டு மூன்று ஆண்டு மானியத்திலிருந்துதான் வருகிறது. மானியம் முடியும் நாளில் மாணவரின் சோறும் முடிகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவரின் மகள். மூன்றாம் ஆண்டு ஆய்வில், செல் வளர்ப்பில் கைதேர்ந்திருந்த நேரத்தில், வழிகாட்டியின் மானியம் முடிந்தது. நீட்டிப்புக்கு எழுதினோம், ஐந்து மாதம் பதில் இல்லை. வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ். அந்தப் பெண் இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. நேர்மையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கைக்கு வந்த வித்தை எட்டாண்டுப் பொதுப்பணம். அதை ஐந்து மாதப் படிக்காக நாம் கைவிட்டோம். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

வழி இல்லாமல் இல்லை. இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் டான் சாய் யான் போட்டது. முப்பது ஆண்டுகள் ஆவதற்குள், 1925-இல், ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் செலவுக்கு ஏற்றுமதியாகும் ரப்பரின்மேல் ஒரு சிறு வரி. வரவுசெலவுத் திட்டத்தில் நல்ல காலம் வந்தாலும் கெட்ட காலம் வந்தாலும் அந்த ஓடை வற்றவில்லை. அந்தக் கழகத்தில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் பயின்றார்கள். நம் அப்பா அம்மா வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம் அங்கே பிறந்தது. செம்பனைக்கும் பின்னாளில் அதே முறை வந்தது, இன்றும் இருக்கிறது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனவர்கள் வடித்த ஒவ்வொரு பவுண்டு பாலிலிருந்தும் மரத்தின் நோயை ஆராய ஒரு துளி போனது. மரத்தை வெட்டியவரின் நோயை ஆராய அப்படி ஓர் ஓடையை யாரும் வெட்டவில்லை.

அந்த நோய் இப்போது பெரிபெரி இல்லை, மலேரியா இல்லை. 2019 தேசிய உடல்நல ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றிய சோற்றுப் பானையை மறுபடியும் யாராவது திறந்து பார்க்க வேண்டும். நம் மரபணுவா, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த வாழ்க்கையா, கருவிலேயே பட்ட பசியா, எது எவ்வளவு என்று இங்கேயே, நம்மிடமே ஆராய வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இன்று ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இரண்டு நாள்களில் நிறையக் கட்டுரைகள் வாசிக்கப்படும். நாளை மாலை அரசுக்கு அனுப்பும் தீர்மானத்தை எழுத உட்காருவோம். நீண்ட பட்டியல் வேண்டாம். மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சிக்கான நிதி நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுக்குக் குறையாமல் கொடுக்கப்பட வேண்டும், பயிலும் ஆய்வாளரின் மாதப்படி எந்தத் தனித் திட்டத்தின் ஆயுளோடும் முடியக்கூடாது, இதைச் சட்டமாக எழுத வேண்டும். இவ்வளவு போதும். ரப்பருக்கு 1925-இல் செய்ததைத்தான் கேட்கிறோம். கையெழுத்திடும்போது உங்கள் பெயரோடு ஊரின் பெயரையும் எழுதுங்கள்: அலோர் காஜா, மச்சாப், டுரியான் துங்கல், புலாவ் செபாங்.

முதல் அமர்வைத் தொடங்கும்படி ஆய்வு மாணவர்களை அழைக்கிறேன்.