நாளையிலிருந்து வர வேண்டாம்

கம்மாபுரம் வட்டாரத்திலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர்களில் பலர் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளும் இவர்களில் உண்டு. பணி நிரந்தரம் கேட்டு 2023 ஜூலையில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கு வேலை போனால் கையில் கடிதம் கூட வராது. கான்ட்ராக்டர் மாறுவார், கேட் பாஸ் புதுப்பிக்கப்படாது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பார் மேஸ்திரி. அவ்வளவுதான் என்று பலரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை.

பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவர், சட்டப்படி ஓராண்டு தொடர்ந்து உழைத்தவர். சம்பளத்தோடு கூடிய ஞாயிறும் விடுமுறையும் அந்தக் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. எட்டு ஆண்டு உழைத்தவருக்கு 120 நாள் சம்பளம் ஆகிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது.

ஆனால் அந்த 240 நாளை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம். அதனால் வேலையில் இருக்கும்போதே சேர்த்து வையுங்கள்: கேட் பாஸின் நகல், சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், பி.எஃப். கணக்கு விவரம். மாதாமாதம் யார் பணம் கட்டினார் என்பதை அந்த பி.எஃப். கணக்கே சொல்லும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நானே விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு மீட்பது மிகவும் கடினம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் முறையை ஒரு வேலையில் தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு வருத்தம் தரும் தீர்ப்பு அது. ஆனால் கான்ட்ராக்ட் வெறும் பெயருக்குத்தான், வேலை வாங்குவதெல்லாம் நிறுவனமே என்று நிரூபித்தால், நிறுவனத்தின் தொழிலாளி என்றே கேட்க அதே தீர்ப்பில் வழி இருக்கிறது. கான்ட்ராக்டர் சம்பளப் பாக்கி வைத்துப் போனால், அதைத் தரும் பொறுப்பும் நிறுவனத்துக்கு உண்டு.

மனுவை எங்கே கொடுப்பது? கடலூரில் உள்ள மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் அல்ல. என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம் என்பதால், மத்திய தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முன்பு மூன்று ஆண்டு இருந்தது, இப்போது குறைந்துவிட்டது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தருகிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.