தோரணமலை உச்சியிலிருந்து

நெல்லைச் சீமையில் மலைக்குப் போவோமா என்றால் குற்றாலம், பாபநாசம், மாஞ்சோலை என்றுதான் பேச்சு போகும். இன்று நாம் ஏறப்போவது கடையத்துக்கு வடமேற்கே நிற்கும் தோரணமலை. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். தாமிரபரணிக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வந்து சேருகிறது என்பதை ஒரே இடத்தில் நின்று கண்ணால் காண வேண்டுமானால், நான் இந்த மலையைத்தான் சொல்வேன்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம் தாண்டிக் கீழக்கடையத்தில் இறங்குங்கள். கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி, 1920 வரை இங்கேதான் குடியிருந்தார். அங்கிருந்து தென்காசிச் சாலையில் போகும்போதே, படுத்திருக்கும் யானை போல மேற்கே மலை தெரிந்துவிடும்.

அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஏறலாம். உச்சிவரை படிகள் உண்டு. படிப்பாதை கிழக்கு முகத்தில் இருப்பதால் விடிந்ததுமே வெயில் நேராக விழும். எட்டு மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கும். ஆகவே விடியலிலேயே கிளம்புங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் விடாது. தைப்பூசத்தன்று கூட்டம் நெரியும். அமைதி வேண்டுவோர் வேறு நாளில் வரலாம்.

உச்சியில் ஒரு குகை. உள்ளே கிழக்கு பார்த்து முருகன். பக்கத்தில் சுனை. அகத்தியரும் அவர் சீடர் தேரையரும் இங்கே மூலிகை ஆய்ந்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை. ஓர் அரசனின் தலைக்குள் புகுந்த தேரையை, தண்ணீர்ச் சத்தம் காட்டியே வெளியே துள்ளவைத்தாராம் தேரையர். கதைதான். ஆனாலும் மருத்துவத்தையும் தண்ணீரையும் சேர்த்து நினைத்த மக்களின் கதை என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

இனித் திரும்பி நின்று பாருங்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. ஆனி, ஆடியில் அந்தச் சுவருக்கு மேலே மேகம் வந்து குவியும். மழை மலையில் கொட்டும், நமக்குக் காற்றும் சாரலும்தான் வரும். அந்த மழையை ராமநதியும் கடனாநதியும் கீழே கொண்டுவருகின்றன. தெற்கே ராமநதி அணை, அதற்கும் தெற்கே கடனா அணை. ஒன்று 84 அடி, மற்றது 85 அடி. அணைகளுக்குக் கீழே வாய்க்கால்கள், குளங்கள், வயல்கள். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். பிறகு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து சமவெளியையே நனைக்கும். இப்படி இரண்டு மழையும் கிடைப்பதால்தான் இந்த ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. மலைக்காடு நின்றால்தான் கீழே மடையில் தண்ணீர் வரும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. பள்ளிக்கூடங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை இங்கே அழைத்து வரவேண்டும்.

கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. பிசானம் நட்ட மாதங்களில் வந்தால் பச்சை. கோடையில் வந்தால் குளங்களின் வெடித்த தரை. இரண்டையும் பார்க்க வேண்டும் என்பேன்.

கொண்டுபோன பாட்டிலையும் பையையும் தவறாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள். காட்டோரம் என்பதால் கரடி, யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயும்வரை தங்க வேண்டாம்.

இறங்கியதும் நேரம் மிச்சம் இருந்தால் திருப்புடைமருதூருக்குப் போங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. ராமநதியைச் சேர்த்துக்கொண்டு வரும் கடனாநதி, அங்கேதான் தாமிரபரணியில் கலக்கிறது.