வீரப் பதக்கமும் உபகாரச் சம்பளமும்

போரிலே வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிய பழந்தமிழர், அவனுடைய சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலமும் வழங்கினர். கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. நிலம் ஆண்டுதோறும் விளையும். நெல்லின் விலை ஏறினால் நிலத்தின் வருவாயும் ஏறும். நிலத்துக்குப் பதிலாகப் பணம் வழங்கும் அரசு, அப்பணத்தின் பெறுமதி தேயாமற் காப்பது எங்ஙனம்? விக்டோரியாச் சிலுவையின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்குகின்றது.

பிரித்தானியப் படையினரின் மிகவுயர்ந்த வீர விருதாகிய இச்சிலுவை, கிரைமியா யுத்த காலத்திலே, 1856ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதிய அரச ஆணையால் ஏற்படுத்தப்பட்டது. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற பேதமின்றி எவரும் இதனைப் பெறலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. அதிகாரி தரத்துக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 10 பவுண் உபகாரச் சம்பளமும் விதிக்கப்பட்டது. அக்காலச் சாதாரணப் போர்வீரனின் சம்பளம் நாளொன்றுக்கு ஒரு சிலிங்; அஃதாவது ஆண்டுக்கு 18 பவுண் 5 சிலிங். ஆகவே அந்த 10 பவுண் அவனுடைய அரையாண்டுச் சம்பளத்திலும் மிகுந்த தொகையாயிருந்தது.

ஆனால், காலம் நின்றுவிடவில்லை. விலைவாசி ஏறியது, வீரர்கள் முதுமையுற்றனர், வறுமையினாற் பதக்கத்தையே விற்றவர்களும் உளர். வறியோர்க்கு 50 பவுண் வரை உயர்த்தி வழங்க 1898இல் இடமளிக்கப்பட்டது. எனினும், பகைவர் முன் தலைவணங்காத வீரன் தன் வறுமையை எடுத்துரைத்து நிற்க வேண்டிய நிலையே அதனால் உண்டாயிற்று. 1959இல் எல்லாத் தரத்தினர்க்கும் 100 பவுண் என விதிக்கப்பட்டது. பின்னர் 36 ஆண்டுகள் அத்தொகை அசையவில்லை. 1995 அளவில் அது பிரித்தானியத் தொழிலாளி ஒருவரின் ஒரு வாரக் கூலிக்கும் குறைந்துவிட்டது. அவ்வாண்டில் 1,300 பவுணாகவும், 2015இல் 10,000 பவுணாகவும் அது உயர்த்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறும் இதனையொத்ததே. அந்நாட்டின் உயர் வீரப் பதக்கம் பெற்று 65 வயதடைந்தோர்க்கு மாதம் 10 டொலர் என 1916இல் விதித்த சட்டம், 1961இலேதான் 100 டொலராக உயர்ந்தது. ஆயினும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகையை 1,000 டொலராக்கியதோடு, வாழ்க்கைச் செலவு ஏறுந்தோறும் அதுவும் ஏறுமாறு வகை செய்தது. உதிரப்பட்டி நிலத்தின் இயல்பு பணத்துக்கும் வாய்த்தது அப்பொழுதேயாம்.

அங்கம் இழந்த ஆயிரக்கணக்கானோர் இருக்க, சிலருக்கு மட்டும் உயர்த்துவது நீதியோ எனக் கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. காயமுற்றோர்க்கு வழங்கும் சம்பளம் அரசு தீர்க்க வேண்டிய கடன். பதக்கத்துக்குரிய சம்பளமோ அரசு கொடுத்த வாக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைத்தல் ஆகாது. மேலும், 1856 தொடக்கம் விக்டோரியாச் சிலுவை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,350 பேரே. அவர்களுள் இன்று வாழ்வோர் மிகச் சிலர். அவர்களைத் தாங்குவதால் எந்தத் திறைசேரியும் வறிதாகிவிடாது.

பணம் மட்டும் போதுமோ எனின், போதாது. 1944இல் பர்மாவிலே போரிட்டு இவ்விருதைப் பெற்ற கூர்க்கா வீரர் துல் பகதூர் புன், முதுமையிலே பிரித்தானியாவிற் குடியேற விண்ணப்பித்தார். அந்நாட்டோடு அவருக்கு உறுதியான தொடர்பில்லை எனக் கூறி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பொதுமக்கள் கொதித்தெழுந்த பின்னரே, 2007இல் அனுமதி கிடைத்தது. அந்நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்ததினும் உறுதியான தொடர்பு வேறு யாதுளது?

பதக்கம் மார்பில் ஒருமுறை சூட்டப்படுவது. வாக்கோ ஆண்டுதோறும் காக்கப்பட வேண்டுவது. கேளாமலே உயரும் உபகாரச் சம்பளமே வீரனின் மானத்தைக் காப்பது.